புரை

அன்று என் காலிலிருந்து எடுத்தது
நாற்பத்தோரு சில்லு.
நௌவோ தீவின் படகுத்துறைச் சாலையில் கரும்பனி,
கவிழ்ந்த பேருந்து,
சன்னல் முழுக்க என் மீது.
இடுக்கியால் ஒவ்வொன்றாய்ப் பிடுங்கி
எஃகுக் கிண்ணத்தில் போடப் போட
எண்ணிக்கொண்டே இருந்தேன்.
வலிக்கு ஒரு வேலை கொடுக்க வேண்டியிருந்தது.

எலும்பு கூடிவிட்டது என்றார்கள்.
கூடியதுதான்.
கூடிய இடத்துக்குள்ளே
யாரோ குடியேறியிருந்தார்கள்.

பதினோரு ஆண்டு.
முழங்காலுக்குக் கீழே ஒரு சிறு வாய்
ஜூன் மாத இருட்டாத இரவுகளில் மூடும்,
நவம்பரில் திறக்கும்.
எஞ்சின் அறையில் டீசல் வாடையை மீறி
என் வாடை எனக்குத் தெரியும்.
உடன் வேலை பார்க்கும் ருனார்
தெரியாத மாதிரி மூக்கைச் சொறிவான்.
நல்லவன்.

மாத்திரை. ஊசி.
மருந்தூறிய மணிமாலை ஒன்றை உள்ளே வைத்து
ஆறு வாரத்தில் உருவினார்கள்.
பிறகு என் இடுப்பெலும்பைச் சுரண்டிக்
காலில் இட்டார்கள்.
மேல்பையிலிருந்து எடுத்துக்
கீழ்ப்பையில் போட்ட காசு,
ஓட்டை வழியே போயிற்று.
இடுப்பு மட்டும் இரண்டு குளிர்காலம் முனகியது,
கொடுத்த கடன் திரும்பாதவனைப் போல.

வெட்டிவிடலாமா என்று துர்க்கு நகரத்தில் கேட்டேன்.
டாக்டர் வெண்டெலா மெல்லாண்டர்
திரையில் என் எலும்பைப் பார்த்தபடியே சொன்னார்:
கண்ணாடி வைக்கிறேன்.

சிரித்துவிட்டேன்.
அவர் சிரிக்கவில்லை.
இழுப்பறையைத் திறந்து ஒரு குப்பியை ஆட்டினார்.
கல்லுப்பு போலக் கொரகொரத்தது.
மணல், சோடா, சுண்ணாம்பு, கொஞ்சம் பாஸ்பரஸ்.
சன்னல் கண்ணாடி சும்மா இருக்கும்,
இதற்குச் சும்மா இருக்கத் தெரியாது, என்றார்.
ஈரம் பட்டால் தன் உப்பை விடும்,
சுற்றிலும் காரம் ஏறும்.
கிருமியைக் கொல்லுமா?
வாழ விடாது.
அப்புறம்?
அப்புறம் அதன்மேல் ஓர் ஏடு படியும்.
எலும்புக்கு அது சொந்தக்காரன் முகமாய்த் தெரியும்,
வந்து ஒட்டிக்கொள்ளும்.
எத்தனை நாள்?
நாளா, என்றார்.

புரையோடியது என்ற சொல்லை அதுவரை
நகராட்சியைத் திட்ட மட்டும் வைத்திருந்தேன்.
செத்த எலும்பு உளிக்கு வெள்ளையாய் உதிருமாம்.
உயிருள்ளது புள்ளி புள்ளியாய்ச் சிவக்குமாம்.
சிவக்கும்வரை சுரண்டி,
உப்புநீரில் நனைத்த கண்ணாடியை
ஈர மணலாய் அழுத்தித்
தைத்துவிட்டார்.

மயக்கம் தெளிந்ததும்
அந்த நாற்பத்தொன்று ஞாபகம் வந்தது.
பிடுங்கிப் போட்டவை
எண்ண முடியாத கூட்டமாய்த் திரும்பியிருக்கின்றன,
இம்முறை அழைப்பின் பேரில்.

எக்ஸ்ரேயில்
முதல் வருடம் குழியில் கொட்டிய ஜல்லி.
இரண்டாம் வருடம் ஓரம் கலங்கல்.
நான்காம் வருடம் டாக்டர்
இது கண்ணாடி, இது நீங்கள், இது கண்ணாடி
என்று காட்டிக்கொண்டே வந்த விரலை
ஓரிடத்தில் எடுத்துவிட்டார்.
இங்கே தெரியவில்லை.

வாய் மூடியே இருக்கிறது.
நவம்பர் வந்தது, போயிற்று.
கட்டுத்துணி ஒரு பெட்டி நிறைய
இன்னும் படுக்கைக்கு அடியில் இருக்கிறது.
நான் எதையும் சட்டென்று நம்புகிறவன் இல்லை.

நேற்று, பதினைந்து வருடத்துக்குப் பின்,
ருனாரின் சவுனாவில் உட்கார்ந்தேன்.
பழக்கத்தில் காலை மட்டும்
வாசல் பக்கம் நீட்டியிருந்தேன்.
கரண்டியில் தண்ணீர் மொண்டவன்
அப்படியே நின்றான்.
உள்ளே இருப்பது உருகிடாதே?

ஆயிரத்து முந்நூறு டிகிரி வேண்டும் என்றேன்.

கொஞ்சம் யோசித்தான்.
கல்லின் மேல்
இரண்டு கரண்டியாய் ஊற்றினான்.