குமிழிக்குள் எழுதுகிறவள்

நியூயார்க், 1947. மின்தூக்கி ஓடாத நாலாம் மாடி.
படம் லெஸ்டர் ஹோவ்லண்ட் போடுகிறான்.
எழுத்து மட்டும் என்னுடையது,
பக்கத்துக்கு இரண்டு டாலர்.

இந்த மாதக் கதையில் வழக்கு:
குட்டிப்பொறி யாருக்கு?
செத்த அப்பனின் தம்பி உயிலோடு வந்திருக்கிறான்.
(உயில் போலி. பத்தாம் பக்கத்தில் தெரிந்துவிடும்.)
எதிர்க் கூண்டில் எஃகுக் காக்கை,
முகமூடி இல்லாமல், கோட்டும் டையுமாக.
நடுராத்திரியில் பையனைக்
கூரை கூரையாகத் தாவவிட்டதை
நீதிபதியிடம் எப்படிச் சொல்வான்?
முழங்காலில் என்ன காயம் என்றால்
சைக்கிள் என்கிறான்.
அதையும் நான்தான் எழுதினேன்,
கொட்டை எழுத்தில்.

எட்டாம் பக்கம், மூன்றாம் கட்டம்.
லெஸ்டர் தாராளமாக இடம் விட்டிருக்கிறான்.
பையன் சொல்ல வேண்டியது
தட்டச்சாகி வந்திருக்கிறது:
எனக்கு இவர்தான் வேண்டும், ஐயா!!!

போன வியாழக்கிழமை
என் எமிலையும் கேட்டார்கள்.
தொப்பி விளிம்பைத் திருகிக்கொண்டே நின்றான்.
அவன் அப்பா கடிகாரம் பார்த்தார்.
அவன் தலைக்கு மேல்
யாரும் குமிழி வரைந்து வைக்கவில்லை.

பேனா முள்ளில் மை காய்கிறது.
ஒரு ஆச்சரியக்குறி போட்டேன்.
இன்னொன்று.
மூன்றாவதுக்குக் கை போகவில்லை.
பக்கம் அப்படியே அச்சுக்குப் போயிற்று,
ஒருவரும் கேட்கவில்லை.

அடுத்த இதழிலும்
குட்டிப்பொறிக்குப் பதினோரு வயதுதான்.
எமிலுக்கு நவம்பரில் பன்னிரண்டு.
ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறான்.
வாங்கிக் கொடுத்த சட்டை
மணிக்கட்டுக்கு எட்டவில்லை.