நாலாவது வரி

பள்ளிப்பட்டுப் பள்ளியில் பேச்சுப்போட்டி.
தலைப்பு தண்ணீர்.
நான்தான் எழுதிக் கொடுத்தேன்: இரண்டு பக்கம்,
குரல் ஏறவும் இறங்கவும்
சிவப்பு மையில் அம்புக்குறி.

முனிலட்சுமி மூன்று வரி சொன்னாள்.
நாலாவதில் நின்றுவிட்டாள்.
மைக் மட்டும் இரைந்துகொண்டிருந்தது.
என் உதடு அசைவதைப் பார்த்தாள்,
பார்த்திருக்கக் கூடாது.

நகரி பஸ் ஹாரன் அடித்துப் போனது.

“எங்க தெருவுக்கு நீள்ளு லாரி
ராத்திரி ரெண்டு மணிக்குதான் வரும்.”

நீள்ளு.
திருவள்ளூரிலிருந்து வந்த நடுவர்
பேனா மூடியைத் திறந்தார்.
பிள்ளைகள் யாரும் சிரிக்கவில்லை.
பாதிப் பேர் வீட்டில் அதுதான் தண்ணீர்.

“குடத்துல பேர் எழுதுறது நான்தான், ஆணியால கீறி.
ஒருநாள் எங்க குடத்த...”

மறுபடியும் நின்றாள்.

தரையில் உட்கார்ந்திருந்த ஏழாம் வகுப்பிலிருந்து
ஒருத்தன் கேட்டான்:
“அப்புறம்?”

மைக்கைத் தன் உயரத்துக்கு
அவளே இறக்கிக்கொண்டாள்.
நான் தாளை நாலாக மடித்து
அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன்.

மணி அடித்த பிறகும் பேசினாள்.
பரிசு அம்மையார்குப்பத்துப் பையனுக்கு.

லாரிக்காரன் அந்தக் குடத்தைத்
திருப்பிக் கொடுத்தானா என்று
சத்துணவு வரிசையில் இன்னும்
கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் அவளை.
ஒவ்வொரு நாளும்
கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறாள்.