தோல்முட்டை

லாபிஸ் தாமானில் கடைசி வரிசை, மூலை வீடு.
பின்னால் செம்பனை, முன்னால் தண்டவாளம்.
கோழி ஐந்து.
மூன்று நாளாய் முட்டை நாலுதான்.

எது இடவில்லை என்று தேட வேண்டியதில்லை.
மேனேஜர்தான்.
நடைக்கு வைத்த பெயர் அது.
தோட்டத்து ஆபீஸ் முன்னால் கையைப் பின்னே கட்டி
நின்று நின்று போவாரே, அந்த நடை.
இப்போது நடையில்லை.
உடம்பை நட்டுக்குத்தாய் நிறுத்தி
இறக்கையைத் தொங்கவிட்டு
சுவரோரம் நிற்கிறது.
மூச்சுக்கு மூச்சு வால் ஏறி இறங்குகிறது
அடிபம்பு மாதிரி.

"செம்பெலே சாஜா" என்றாள் வேலிக்கு மேல் ரோஸ்னா,
கழுத்தருகே விரலை இழுத்துக் காட்டி.
போனில் தேடிப் பார்க்கிறேன் என்று படுத்த கணவருக்கு
கொஞ்ச நேரத்தில் மூக்கு மட்டும்
தேடிக்கொண்டிருந்தது.

இரவு பதினொன்று.
துணி ஊறவைக்கும் பேசின்,
என் முழங்கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர்,
ஒரு பிடி உப்பு.
முதலில் சண்டை.
தரை, சுவர், என் முகம், எங்கும் தண்ணீர்.
பிறகு
இமையைக் கீழிருந்து மேலாய் மூடிக்கொண்டு
சூட்டுக்குத் தன்னை ஒப்புக்கொடுத்தது.

எனக்கு மில்லில் வேலை, எடைப்பாலத்தில்.
லாரி ஏறும், எண் விழும், சீட்டைக் கிழித்துத் தருவேன்.
முப்பத்தெட்டு டன்னுக்கு நடுங்காத விரல்
சமையல் எண்ணெயில் நனைந்து
அடிவயிற்றில் தட்டுப்பட்ட
ஐம்பது கிராமுக்கு நடுங்கியது.
அமுக்கினால் உள்ளே உடையும்.
உடைந்தால் மேனேஜர் இல்லை.
தள்ளாதே, தடவு.
யாரும் சொல்லித் தரவில்லை,
விரலே விரலுக்குச் சொல்லிக்கொண்டது.

ஒன்று பத்துக்குச் சரக்கு ரயில்.
பேசின் தண்ணீரில் வளையம் வளையமாய் அதிர்வு.
அது போய்ச் சேருமுன்
உடம்பையெல்லாம் ஒரு புள்ளிக்குக் கூட்டி
ஒரே முனகல்.
வந்தது.

முட்டை என்று சொல்ல முடியாது.
ஓடில்லை.
வைத்த இடத்துக்கு ஏற்றபடி
உருவம் மாற்றிக்கொள்ளும் வெறும் தோல்.
உள்ளங்கைக் குழியில் என் சூட்டையே
எனக்குத் திருப்பித் தந்தது.
பூனைக்குப் போட மனசில்லை, பொரிக்கவும்.
வாழைக்கடியில் புதைத்துவிட்டு
கை கழுவினேன், இரண்டு முறை.

விடிந்ததும் கோய்த்தியோ கடைக்குப் போய்
கெராங் ஓடு கேட்டேன்.
எதுக்கு என்றார் ஆ லெக்.
மேனேஜருக்கு என்றேன்.
மில்லு மேனேஜர் இதையா தின்கிறான் என்று
பை நிறைய அள்ளித் தந்தார்.
சாக்கில் போட்டுச் சுத்தியலால் நொறுக்கி
முன்னால் கொட்டினேன்.
ஒற்றைக் கண்ணால் பார்த்தது.
ஒரு துண்டைக் கொத்தி
உதறித் துப்பியது.
மண்ணைக் கிளறப் போய்விட்டது.

ஏழு மணி ஷிப்ட்.
முதல் லாரி ஏறியது, எண் விழுந்தது.
சீட்டை நீட்டினேன்.
டிரைவர் குனிந்து வாங்கி
என் கையை மோந்து சிரித்தான்:
"என்னக்கா, காலையிலேயே நாசி ஆயாமா?"

இல்லை என்றேன்.
இன்னும் இல்லை.