அறுபத்து நான்கு

திரை இழுத்த அறை. மேசைக்கு ஒரு விளக்கு.
வெளியே டுலூத்தில் ஏரி உறைந்து கிடக்கிறது,
இரும்புத்தாதுக் கப்பல்களுக்கு மார்ச் வரை வேலை இல்லை.
எனக்கு உண்டு.
ஒரு நாணயத்துக்கு முப்பது நொடி.
யாருடையது என்று சொல்லமாட்டார்கள்,
பெட்டியில் எண் மட்டும் இருக்கும்.

விளிம்பைப் பிடித்து, சற்றே சாய்த்துச் சுழற்றினால்
நல்ல வெள்ளியில் ஒளி
வண்டிச்சக்கரத்தின் ஆரக்கால் போல ஓடும்.
ஓடாவிட்டால் யாரோ கழுவியிருக்கிறார்கள்.
அப்புறம் கன்னம்.
எங்கள் தொழிலில் எல்லாமே அவள் கன்னத்தில்தான்.
ஆயிரம் டாலரை ஒரே கோணியில் கட்டி
வண்டியேற்றிய காலம் அது.
ஒருத்தியை ஒருத்தி இடித்துக்கொண்டே போனார்கள்,
ஒருவர் கையிலும் செலவாகாமலே
காயப்பட்டார்கள்.

இவளை முதலில் பார்த்தது அக்டோபரில்.
ஆயிரத்து எண்ணூற்று எண்பத்தொன்று, சான் பிரான்சிஸ்கோ அச்சு.
கண்ணுக்குக் கீழே காற்புள்ளி அளவில் ஒரு கீறல்.
எழுபதுக்கு அறுபத்து நான்கு என்று எழுதிவிட்டு
அடுத்த பெட்டிக்குப் போனேன்.

டிசம்பரில் திரும்பி வந்தாள், கூடில்லாமல்.
நாங்கள் மூடி முத்திரையிட்ட பிளாஸ்டிக்கை
யாரோ குறடு வைத்து உடைத்திருக்கிறார்கள்.
காற்புள்ளியை வைத்துத்தான் ஆளைத் தெரிந்தது.
ஓர் எண் கூடினால் விலை இரண்டு மடங்கு,
ஆசைக்கு அது போதாதா.
அன்று காலை முதல் திருகலிலேயே கார் கிளம்பியிருந்தது,
காபி சூடாக இருந்தது,
பென்சில் தானாக ஐந்தின் வளைவுக்குப் போய்விட்டது.
அழித்தேன்.
"மூச்சை ஏன் பிடித்துக்கொண்டிருக்கிறாய், நியெமி?"
பக்கத்து மேசை ஆர்வில் டெஷ்.

ஜனவரியில் மூன்றாம் முறை.
ஆர்வில் ஐந்து என்றான். மார்கிட்டும் ஐந்து. நான் நான்கு.
மூவரும் ஒத்துப்போகாவிட்டால் குறைந்ததே நிற்கும்,
எங்கள் அறை வழக்கம் அது.
நாணயமாகச் சொல்கிறேன்:
நாணயம் மூன்று முறையும் ஒன்றுதான்.
மாறியது, விளக்குக்கு இந்தப் பக்கத்து முகம்.
முந்தின இரவு முதுகுவலியில் நான் கண் மூடவில்லை.
அதற்குத் தரம் போட
எங்களிடம் அட்டவணை இல்லை.

நேற்று நான்காம் முறை.
சாய்த்தேன். சக்கரம் ஓடவில்லை.
கன்னம் முழுக்க ஒரே திசையில் மயிரிழைக் கோடுகள்.
துணியால், அநேகமாகச் சட்டை நுனியால்,
அந்தக் காற்புள்ளியைத் துடைத்தெடுக்கப் பார்த்திருக்கிறார்கள்.
காற்புள்ளி அங்கேயே இருந்தது.
மற்றதெல்லாம் போயிருந்தது.

இப்படிப்பட்டதற்கு எண் கிடையாது.
'துடைக்கப்பட்டது' என்று ஒற்றைச் சொல் எழுதி
அதே மாதிரிப் பிளாஸ்டிக்கில் அடைத்து அனுப்புவோம்.
செல்லாக்காசு என்று பொருளில்லை,
எடை குறையவில்லை, வெள்ளி வெள்ளிதான்.
எழுதியபின்னும் பெட்டியை நகர்த்தாமல் இருந்தேன்,
முப்பது நொடி, இன்னொரு முப்பது.
ஆர்வில் இந்த முறை எதுவும் கேட்கவில்லை.

மாலையில், மளிகைக் கடை வாசலில்
தள்ளுவண்டிச் சங்கிலிக்குக் கால் டாலர் போட வேண்டும்.
கையுறையைக் கழற்றினேன். எடுத்தேன், விளிம்பைப் பிடித்து.
(சாப்பாட்டுத் தட்டையும் இப்படித்தான் பிடிக்கிறேன் என்று
ஐனோ சிரிப்பாள்.)
முகத்தில் ஏழெட்டு வெட்டு, மூக்கின்மேல் ஏதோ பசை,
பிடரி தேய்ந்து வழவழத்துவிட்டது.
இருபது. தாராளமாகப் போட்டால் இருபத்தைந்து.

பின்னால் இடுப்பில் குழந்தையோடு ஒருத்தி
பனியில் கால் மாற்றி நின்றாள்.
"கள்ளக்காசா?"
"இல்லை, நல்லதுதான்" என்றேன்.
கட்டைவிரலை முகத்தின் மேலேயே வைத்து
அழுத்தினேன்.
சங்கிலி விட்டது.