வெள்ளி நாலு மணிக்கு முன்

அறிவித்தல் பலகைக் கண்ணாடிக்குள்
பழுத்துப்போன ஐந்து வருடப் பெறுபேறுகளை
ஃபோனில் படமெடுத்து வந்தாள் தர்மினி.
பெயரில்லை. சுட்டெண்ணும் எழுத்தும் மட்டும்.

கன்டீனில் பிளேன்ரீ ஆற ஆற
வாய்ப்பன் எண்ணெய் பட்ட வரைபுத்தாளில்
இரண்டு வளைவு கீறினோம்.

கேதீசன் சேருடையது
மணற்காட்டு மணல்மேடு மாதிரி,
நடுவில் ஒரு வயிறு.
முக்கால்வாசிப்பேர் அதற்குள்ளேதான்.
ஏ எடுத்தவர் மூன்றுபேர், விழுந்தவர் இரண்டுபேர்.

சுகிர்தமலர் மிஸ்ஸுடையதில் இரண்டு திமில்.
ஒன்று ஏயில், மற்றது எஃப்பில்.
இடையில் பள்ளம்;
பள்ளத்தில் ஒவ்வொரு வருடமும்
ஒரே ஒரு ஆள், யாரோ.

"மிஸ் நல்லாப் படிப்பிப்பா எண்டு சொல்லினம்."
"ஆர் சொன்னது?"
"ஏ எடுத்த ஆக்கள்."

விழுந்த ஆக்களைத் தேடினோம்.
ஒருவர் கனடா. ஒருவர் வங்கி.
ஒருவர் திருநெல்வேலிச் சந்தைக்குப் பின்னால்
ஃபோன் திருத்துகிறார்.
தர்மினியின் வெடித்த திரையை மாற்றிக்கொண்டே சொன்னார்:
"மிஸ்ஸில பிழையில்லைத் தங்கச்சி.
அந்த வருசம் நான் வகுப்புக்கே போகேல்லை."

அதை எந்த அச்சில் குறிப்பது?

வியாழன் இரவு, விடுதியில் கரண்ட் போன நேரம்,
தர்மினி மெல்லச் சொன்னாள்:
"ரெண்டுபேரும் ஒரே வகுப்பு வேண்டாமடி.
ஆளுக்காள் ஒப்பிட்டுத்தான் எழுத்துப் போடினமாம்.
நீ ஏறினால் நான் இறங்குவன்."

கணக்குச் சரிதான்.
முதலாம் வருடம் முழுக்க
பலாலி வீதியில் ஒரே குடைக்குள்
ஆளுக்கொரு தோள் நனைந்து போனோம்.
எந்தத் தோள் கூட நனைந்தது என்று
அப்போது யாரும் கீறிப் பார்க்கவில்லை.

"நான் மிஸ்ஸிட்டப் போறன்," என்றேன்.
"அப்ப நான் சேர்," என்றாள்,
கொஞ்சம் கெதியாய்.

வெள்ளி மூன்றே முக்கால்.
அலுவலக வரிசையில் முன்னுக்கும் பின்னுக்கும்
எல்லார் கையிலும் எங்கள் வரைபு.
வாசல் கொப்பிக்கடையில் எடுத்திருக்கிறார்கள்;
வாய்ப்பன் கறையும் கறுப்பாய் விழுந்திருக்கிறது.
ஆர் கொடுத்தது என்று நான் கேட்கவில்லை.

எல்லாரும் மணல்மேட்டுக்கே போகிறார்கள்.
இத்தனைபேர் ஏறினால்
மேடு அதே வடிவில் நிற்குமா என்பது
தாளில் இல்லை.

படிவத்தில் சுட்டெண்ணை எழுதினேன்.
இரண்டு வருடம் கழித்து இதை ஆரோ படமெடுப்பார்கள்,
நான் வகுப்புக்குப் போனேனா என்று தெரியாமல்.

பள்ளத்து ஆளை நினைத்துக்கொண்டு
சுகிர்தமலர் என்ற பெயருக்கு நேரே சரி போட்டேன்.
பேனை எழுதவில்லை.
இரண்டாம் தரம் அழுத்திப் போட்டேன்.