நடுக்கோடு

இரவு இரண்டு பத்து.
ஸ்ட்ரெச்சரின் ஒரு சக்கரம் மட்டும்
ராயபுரத்தையே எழுப்புகிற மாதிரி கத்திக்கொண்டு வருகிறது.

பெயர் தேசிங்கு. வயது நாற்பத்தொன்று.
காசிமேட்டில் ஐஸ் இறக்குகிறவர்.
லாரியிலிருந்து நழுவிய ஒரு பாளம்
வலது காதுக்கு மேலே உரசிவிட்டுப் போனதாம்.
உட்கார்ந்தார். தேய்த்துக்கொண்டார். எழுந்தார்.
டீ குடித்தார்.
மீதிச் சில்லறைக்குச் சண்டை போட்டார்.
வீடுவரை நடந்தே போய்ப் பாய் விரித்தார்.

"நல்லாத்தான் மேடம் பேசிக்கினு இருந்தாரு"
என்கிறாள் அம்சவேணி.
இந்த வாக்கியத்தை இந்தக் கதவருகே
நான் கேட்காத மாதம் இல்லை.
அடிக்கும் மயக்கத்துக்கும் நடுவில்
ரத்தம் விடுகிற அவகாசம் அது.
அந்த நேரத்தில் மனிதர்கள்
சில்லறை எண்ணுகிறார்கள், சரியாகவே எண்ணுகிறார்கள்.

"அப்புறம் குறட்டை வுட்டாரு.
பதினாறு வருசமா கேக்கறேன்,
அது அவரு குறட்டை இல்ல மேடம்."

மெஷினுக்கு முன்பே கண்டுபிடித்தவள் அவள்தான்.

பயிற்சி டாக்டர் டார்ச் அடித்துப் பார்க்கிறான்.
இடது கண்மணி கடுகாய்ச் சுருங்குகிறது.
வலதோ, சட்டைப் பொத்தான் அளவுக்குத் திறந்து
வெளிச்சத்தைச் சட்டை செய்யவில்லை.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான்.
திரையில் கபாலம் அடியிலிருந்து
அடுக்கடுக்காக ஏறி வருகிறது.
எலும்பு வெள்ளை. நீர் கறுப்பு.
மூளை, மழைக்கு முந்தைய வானத்தின் சாம்பல்.
திரையில் அவர் வலது எனக்கு இடது.
அந்த இடத்தில்தான் எலும்பு அப்பளக் கனம்.
அதன் அடியில்
இரண்டு பக்கமும் புடைத்த வில்லையாக, பளீரென்று,
புதிய ரத்தம்.

நடுக்கோடு வளைந்திருக்கிறது,
பக்கத்து மனைக்காரன் ராவோடு ராவாக
நகர்த்தி நட்ட வேலியைப்போல.
அளக்கிறேன். பதினொரு மில்லிமீட்டர்.

உலகத்தில் இப்போதைக்கு
இதை அறிந்தவள் நான் ஒருத்தி.
கதவைத் திறந்தால் அவள் கேட்பாள்:
"இன்னா மேடம் தெரியுது?"
டாக்டர் சொல்வார் என்பதுதான் சட்டம்.
ஒன்பது வருடத்தில் நான் கற்றது
மெஷினை ஓட்டுவது பாதி,
முகத்தை வைத்துக்கொள்வது மீதி.

போனை எடுக்கிறேன்.
"வலது பக்கம். எலும்புக்கு அடியில். பதினொன்று."
மேலே டாக்டர் ஷமீமா லிஃப்டுக்குக் காத்திருக்கவில்லை.
படிக்கட்டில் அவர் செருப்புச் சத்தம்.

பிறகு எல்லாமே ஓட்டம்.
மானிட்டால் பாட்டில் சரசரவென்று இறங்குகிறது,
மூளையின் வீக்கத்திடம் கொஞ்சம் தவணை கேட்டு.
பாதித் தலைமுடி செய்தித்தாளில் விழுகிறது.
கையெழுத்துப் போடும்போது அம்சவேணி
தன் பெயரில் ஓர் எழுத்தை விட்டுவிடுகிறாள்.
அவருடைய செருப்பை அக்குளில் இடுக்கியிருக்கிறாள்.

உள்ளே நடந்ததை நான் பார்க்கவில்லை.
தியேட்டர் உதவியாளர் யோவேல் சொன்னதுதான்:
எலும்பைச் சன்னல் மாதிரி கழற்றினார்களாம்.
உறைந்தது ஈரல் துண்டாக வெளியே வந்ததாம்.
இவ்வளவையும் செய்த ரத்தக்குழாய்
தையல் நூல் தடிமன்கூட இல்லையாம்.
சுட்டு அடைத்துவிட்டுச் சன்னலைச் சாத்தினார்களாம்.

அதே இரவு மூன்றரைக்கு வந்த
கல்லூரிப் பையனின் நடுக்கோட்டைப் பற்றி
இங்கே எழுதப்போவதில்லை.

மறுநாள் மாலை மறுபடியும் தேசிங்கு.
அதே சக்கரம், அதே கத்தல்.
திரையில் கோடு நேராக நிற்கிறது,
கிட்டத்தட்ட நேராக.
வில்லை இருந்த இடத்தில் சின்னக் கறுப்புப் பொட்டு:
சிக்கிக்கொண்ட காற்று.
சில நாளில் தானே கரைந்துவிடும்.
அதுவரை ஒரு மனிதன் தலைக்குள்
தியேட்டரின் ஏசிக் குளிர் ஒரு சிட்டிகை.

கட்டுக்கு அடியிலிருந்து முனகுகிறார்.
குனிகிறேன்.
"டீக்கடைக்காரன்... அஞ்சு ரூபா... தரணும்."

வாசலில் அவள் கேட்கிறாள்: "இன்னா மேடம் தெரியுது?"

டாக்டர் சொல்வார் என்கிறேன்.
முகத்தை வைத்துக்கொள்ளத்தான்
இன்றைக்கு முடியவில்லை.