ஒன்றேமுக்கால் அடி

நீலப்படத்தை மேசையில் விரித்தோம்.
சுருளாமலிருக்க மூலைகளில்
சாவிக்கொத்து, கண்ணாடிக்கூடு, தேநீர்க் கோப்பை, என் கை.
நகரசபை முத்திரை எண்பத்திரண்டாம் ஆண்டு.
அதில் நாங்கள் ஒழுங்கான மனிதர்கள்:
இரண்டு அறை, விறாந்தை, குசினி,
தெற்குச் சுவரில் ஒரு யன்னல்.

"அந்த யன்னல் எங்கை?"
என்கிறார் வங்கி அனுப்பிய மதிப்பீட்டாளர்.
சுவரைத் தட்டிப் பார்க்கிறார்.
சுவர் சொல்லவில்லை.
நானும்.
தொண்ணூறில், யூன் மாத இரவொன்றில்
எட்வின் விளக்கில்லாமல் கல் அடுக்கினார்.
சாந்து குழைக்கத் தண்ணீர் போதாமல்
பிள்ளையைக் குளிப்பாட்டிய தண்ணீரையும் ஊற்றினோம்.
அந்தக் கிழமை நகரசபைக் கந்தோர் திறந்திருந்ததா
என்று இப்போதுதான் யோசிக்கிறேன்.

அளவுநாடா பின்பக்கம் போகிறது.
அங்கே படத்தில் வெறும் வளவு.
மூதூரிலிருந்து வள்ளத்தில் வந்த ஏழு பேர்
பதினாறு மாதம் படுத்தெழும்பிய அறை அது.
தகரமாய்த் தொடங்கியது,
பிறகு அரைச்சுவர், பிறகு கொங்கிறீற்.
எப்போது முடிந்ததென்று கேட்டால்
ஆளுக்கொரு வருஷம் சொல்வோம்.

கழிவறை, எட்வினுக்கு இடப்பக்கம் இழுத்த பிறகு.
சக்கர நாற்காலி உள்ளே போய்த் திரும்ப இடமில்லை.
ஒழுங்கைப் பக்கம் சுவரைத் தள்ளினோம்.
எவ்வளவு தள்ளினோம் என்று
நாங்கள் அளக்கவில்லை, நாற்காலி அளந்தது.
நாடா சொல்கிறது:
வீதிக்கோட்டைத் தாண்டி ஒன்றேமுக்கால் அடி.

தரகர் அருள்நேசன் கிணற்றடிக்குக் கூப்பிட்டார்.
"அக்கா, நீங்களா ஒண்டும் சொல்லாதையுங்கோ.
கேட்டா மட்டும். கேட்டாலும் பாதி.
இந்தப் பாலையூத்தில
படத்தில இருக்கிற மாதிரி ஒரு வீடு
காட்டுங்கோ பாப்பம்?"
காட்ட முடியாது. அது உண்மை.

வாங்க வந்த றிஸ்மியா ஆஸ்பத்திரியில் தாதி.
இரவு வேலை முடித்து நேரே வந்த கண்.
குழாய்களைத் திறந்தாள், மூடினாள்,
வெடிப்புகளைப் பார்த்தாள், ஒன்றும் பேசவில்லை.
கழிவறைச் சுவரின் இரும்புக் கைப்பிடியில்
கை வைத்துப் பாரம் கொடுத்துப் பார்த்து
"இது ஆருக்குப் போட்டது?" என்றாள்.

அதற்குப் பாதி பதில்
எனக்குத் தெரியவில்லை.
எல்லாம் சொன்னேன்.
யன்னல், பின்னறை, ஒன்றேமுக்கால் அடி,
தேசிக்காய் மரத்தடியில் மண் நிரப்பி மூடிய பங்கர் வரைக்கும்.
அருள்நேசன் வானத்தைப் பார்த்தார்.
தன் தரகுக்காசு பறந்துபோவது
அங்கே தெரிந்திருக்கும்.

நகரசபைத் தொழில்நுட்ப உத்தியோகத்தர்
மின்விசிறிக் காற்றில் கோப்பை அழுத்திப் பிடித்தபடி:
"உள்ளதை உள்ளபடி கீறித் தாங்கோ.
மிச்சமெல்லாம் தண்டத்தோட போகும்.
ஒழுங்கைச் சுவர் போகாது.
அது இடிக்கத்தான் வேணும்."

படம் கீறுகிற சுகிர்தன் மடிக்கணினியோடு வந்தான்.
இருப்பது கறுப்பு, கூட்டியது சிவப்பு,
இடிப்பது மஞ்சள்.
கீறக் கீற வீடு சிவந்துகொண்டே போனது.
"இந்தப் பின்னறைக்கு என்ன பேர் போட, அன்ரி?
பேரில்லாட்டி எடுக்க மாட்டாங்கள்."
மூதூர் அறை, என்றேன்.
சிரித்தான். களஞ்சியம் என்று அடித்தான்.
ஏழு பேரும் களஞ்சியத்துக்குள் போனார்கள்.

சனிக்கிழமை மேசன் வந்து சுவரை இறக்கினார்.
கைப்பிடியை மட்டும் முதலே கழற்றுவித்து
பத்திரிகைத்தாளில் சுற்றி வைத்திருக்கிறேன்.
றிஸ்மியா கேட்டிருந்தாள்,
வாப்பாவுக்கு முழங்கால் சரியில்லையாம்.

சீமெந்து வருமட்டும்
அந்தப் பக்கத்துக்குத் தறப்பாள்தான்.
கச்சான் வீசும்போது
அது ஒழுங்கைக்குள் புடைத்து நிற்கிறது,
ஆளுயரத்துக்கு,
நாடா பிடித்துப் பார்க்கவில்லை,
ஏறக்குறைய அதே அளவு.